நிமிர்த்திய முதுகும் பேறுகால வலியும்

(மகாவீரர் ஜயந்தி விழாக் கூட்டத்தில் மகளிரை முன்னிட்டு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பேறுகால வலி விழா மேடைக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை. அடுப்பங்கரையிலும் பிரசவ அறையின் வாயிலிலும் தாழ்ந்த குரலில் பேசப்படுவது அது. அதிலும், இளம்பருவத்தில் முதுகெலும்பு வளைவுக்கு அறுவை செய்துகொண்டு, உள்ளே உலோகத் தண்டுகளோடு வாழும் பெண்ணின் பேறுகாலம் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அத்தகைய பெண்கள் சிலரே எனினும், பேசாமையால் அவர்களுக்கு நேரும் இடர் பெரிது. ஆதலால் இவ்வுரை அவர்களைப் பற்றியது. அவர்களைப் பெற்றவர்களையும் மருமகளாக ஏற்றவர்களையும் நோக்கியது.

திருப்பூரில் பனியன் துணியோடு பழகியவர்களுக்கு ஸ்கோலியோசிஸ் என்னும் நிலையை விளக்குவது எளிது. சிங்கிள் ஜெர்சித் துணியில் தைத்த ஆடையைத் துவைத்து உலர்த்தினால், நேராக இருந்த பக்கத் தையல் சில வேளைகளில் முன்புறம் நோக்கித் திரும்பி நிற்கும். துணி சாய்ந்ததோடு நில்லாமல் முறுக்கிக்கொண்டும் விட்டது என்பது செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். முதுகெலும்பும் அவ்வாறே பக்கவாட்டில் வளைகிறது. வளையும்போதே தன் அச்சில் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் விலா எலும்புகள் ஒருபுறம் புடைத்து, குனியும்போது மேடாகத் தெரிகின்றன. எக்ஸ்ரேயில் வளைவின் கோணம் 10 பாகைக்கு மேல் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். வளரிளம் பருவத்தினரில் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இது காணப்படுகிறது. பெரும்பாலானோருக்குச் சிறிய வளைவோடு நின்றுவிடும். வளைவு பெருகி மருத்துவம் தேவைப்படுவோரில் பெண் பிள்ளைகளே மிகுதி.

இதற்குப் பள்ளிப் பை காரணம், பவர் டேபிளில் குனிந்து தைத்தது காரணம், தாய் கருவுற்றிருந்தபோது செய்த ஏதோ காரணம் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. இவற்றுள் எதுவும் உண்மையன்று. பெரும்பான்மையான வளைவுகளுக்கு இன்ன காரணம் என்று மருத்துவம் இன்னும் அறுதியிடவில்லை. ஆகவே தாயைக் குறை கூறுவதற்கு இதில் இடமே இல்லை. இதனை முதலில் கண்டறிபவர் பல வீடுகளில் தையற்காரரே என்பது வியப்பு. சீருடைக்கு அளவெடுக்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பதையும், பாவாடையின் கீழ்விளிம்பு ஒருபுறம் ஏறி நிற்பதையும் அவர் சொல்லிவிடுகிறார். வீட்டார் அதனைச் செவியில் வாங்கிக்கொண்டால் நன்று.

வளைவு 45, 50 பாகையை எட்டினால் அறுவை பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குவர். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்னும் மருத்துவர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக உலோகத் தண்டு ஒன்றை வடிவமைத்து, 1962இல் அதன் பயனை வெளியிட்டார். இன்றைய முறையில் முள்ளெலும்புகளில் திருகுகளைப் பொருத்தி, அவற்றை இரு தண்டுகளால் இணைத்து நிமிர்த்துகின்றனர். பின்னர் எலும்புத் துணுக்குகளை மேலே பரப்புகின்றனர். சில மாதங்களில் அவை ஒன்றாகப் பற்றிக்கொண்டு, தனித்தனியாக அசைந்த பல முள்ளெலும்புகள் ஒரே எலும்பாகிவிடுகின்றன. நிமிர்த்தியது உலோகம், நிலைநிறுத்துவது எலும்பு. திருப்பூர் வட்டாரத்தார் இத்தகைய அறுவைக்குக் கோவைக்குச் செல்வதே வழக்கம். முதுகெலும்பு அறுவைக்குப் பெயர்பெற்ற அங்குள்ள கங்கா மருத்துவமனையை 1978இல் தொடங்கிய டாக்டர் ஜே. ஜி. சண்முகநாதன் ஒரு மயக்கவியல் மருத்துவர் என்பது இவ்வுரையின் பொருளுக்குப் பொருத்தமான செய்தி. ஏனெனில் இனிச் சொல்லப்போவதெல்லாம் மயக்கவியல் மருத்துவர் ஒருவரைக் காலத்தோடு சென்று காண்பது பற்றியதே.

பதினான்கு வயதில் அறுவை முடிந்த பெண் இருபத்தைந்தில் தாயாகப்போகிறாள் என்று கொள்வோர், முதலில் ஓர் அச்சத்தை விட்டொழிக்கலாம். முள்ளெலும்பு இணைப்பு அறுவை கருத்தரிப்பதற்குப் பொதுவாகத் தடையன்று. இணைந்த பகுதி கருவின் சுமையால் மீண்டும் வளைந்துவிடுவதும் இல்லை. முதுகில் தண்டு இருக்கிறது என்னும் ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதும் இல்லை. இடுப்பு எலும்பின் அமைப்பும் குழந்தையின் நிலையும் சரியாக இருந்தால் இயல்பான பேறு பலருக்கும் கைகூடுகிறது. முதுகுவலி சற்று மிகலாம். இணைப்பு இடுப்புவரை கீழிறங்கியவர்களுக்கு அது கூடுதலாகவே இருக்கும். மார்புப் பகுதியில் கடுமையான வளைவு எஞ்சியிருப்பவர்களுக்கு மட்டும் நுரையீரல், இதயச் சோதனைகளை முன்கூட்டியே செய்வர்.

சிக்கல் எழுவது வலி நீக்கத்தில். பிரசவத்தின் முதற்கட்டத்தில், கருப்பை சுருங்கி அதன் வாய் திறக்கும் வேளையில், வலிச் செய்தி கீழ்மார்புப் பகுதி நரம்புகளின் வழியே தண்டுவடத்தைச் சேர்கிறது. குழந்தை வெளிவரும் கட்டத்தில் இடுப்பின் அடிப்பகுதி நரம்புகளும் சேர்ந்துகொள்கின்றன. எபிடூரல் முறையில், கீழ்முதுகில் இரு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள மெல்லிய இடைவெளியில் நுண்ணிய குழாய் ஒன்றை வைத்து, மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். தாய் விழித்திருப்பாள், பேசுவாள். வலி மட்டும் தணிந்திருக்கும். தண்டுவடம் பெரும்பாலோர்க்கு இடுப்பு முள்ளெலும்புகளின் முதலாவது, இரண்டாவது அளவிலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே ஊசி போடுவதில் அது தண்டுவடத்தைத் தைக்கும் அச்சம் மிகக் குறைவு.

அறுவை செய்த முதுகில் இந்த வழி மாறிவிடுகிறது. ஊசி நுழைய வேண்டிய இடைவெளியில் எலும்பு வளர்ந்து மூடியிருக்கலாம். ஊசி உரிய ஆழத்தை எட்டியதை மருத்துவரின் விரல் உணர்வதற்குத் துணைபுரியும் தசைநார் சிதைந்திருக்கலாம். இடைவெளியிலேயே தழும்புத் திசு ஒட்டிக்கொண்டிருந்தால், கீழே செலுத்திய மருந்து மேலே மார்பு நரம்புகள்வரை ஏறாமல் தங்கிவிடும். ஒரு பக்கம் மரத்து, மறுபக்கம் வலி அப்படியே இருக்கும். தடித்த மடிப்புத் தையலின்மேல் ஓடும் ஓவர்லாக் ஊசி தையலை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆயினும் எபிடூரல் இவர்களுக்கு ஆகவே ஆகாது என்று எண்ணிவிடலாகாது. எல்லாம் ஒரு கேள்வியைப் பொறுத்தது: இணைப்பு எந்த முள்ளெலும்பில் முடிகிறது? பலருக்கு அது இடுப்பின் முதலாவது அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு நின்றுவிடும். ஊசி போடும் இடம் அதற்குக் கீழே இருப்பதால் அவர்களில் பலருக்கு எபிடூரல் இயல்பாகவே அமையும். நான்காவது, ஐந்தாவது எலும்புவரை இணைந்திருந்தால் கடினம். அப்போதும் அல்ட்ராசவுண்டு துணையோடு இடைவெளியைத் தேட முயலலாம். சிசேரியன் தேவைப்படும்போது போடும் ஸ்பைனல் ஊசிக்கு வேறொரு நன்மை உண்டு. அதன் மருந்து உறைக்குள் இருக்கும் நீரில் கலப்பதால், வெளியே உள்ள தழும்பு அதனை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஊசி உள்ளே செல்ல ஓர் இடைவெளி கிடைத்தால் போதும். அதுவும் கிடைக்காதபோது முழு மயக்கம் இருக்கவே இருக்கிறது.

ஆனால் இணைப்பு எங்கே முடிகிறது என்பதனை முதுகுத் தழும்பைப் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது. தோலின் தழும்பு ஓரளவு குறிப்புத் தரும். உறுதி தருவது அறுவைக் குறிப்பும் பழைய எக்ஸ்ரேயுமே. இங்கேதான் தமிழ்ச் சமணர் குடும்பங்களின் வாழ்க்கை முறை ஓர் இடரை உண்டாக்குகிறது. திருப்பூர், ஈரோடு, கோவை என்று எங்கே தொழிலுக்குக் குடிபெயர்ந்தாலும், தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். அந்தத் தாய்வீடு வந்தவாசிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ இருக்கும். அறுவை நடந்தது ஓர் ஊர், மாதாமாதம் பரிசோதனை ஓர் ஊர், பேறு மற்றோர் ஊர். டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்க, பெண் ஓர் இரவுப் பயணத் தொலைவில் வலியோடு படுத்திருக்கிறாள். நள்ளிரவில் அழைக்கப்பட்டு வரும் மயக்கவியல் மருத்துவர் நீண்ட தழும்பைப் பார்த்துத் தயங்கி நிற்பாராயின், அத்தயக்கம் அவருடைய குற்றமன்று.

இன்னொன்றும் உண்டு. ஊசி போடும்போது முதுகை வில்லாக வளைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து உட்காரச் சொல்வர். இணைந்த முதுகு வளையாது. அவள் முயன்றும் வளையாததைக் கண்ட செவிலியர், ஒத்துழைக்க மறுக்கிறாள் என்று கடிந்துகொள்ளக்கூடும். “என் முதுகு வளையாதுங்க, உள்ளே ராடு இருக்கு” என்னும் ஒரு சொல் முன்பே சொல்லப்பட்டிருந்தால் அந்தக் கடுமொழி பிறந்திராது.

அந்த ஒரு சொல் ஏன் சொல்லப்படுவதில்லை? வரன் பார்க்கும் வட்டம் சிறியது என்பதே விடை. சில ஊர்கள், சில குடும்பங்கள். ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் எல்லா வீட்டிலும் கேட்கும். “முதுகுல ஆபரேஷன் ஆன பொண்ணுன்னு தெரிஞ்சா யாரு வருவாங்க?” என்று தாய் அஞ்சுகிறாள். தழும்பு தெரியாதபடி இரவிக்கை உயர்த்தித் தைக்கப்படுகிறது. திருமணத்துக்குப்பின் கணவனுக்குத் தெரிந்துவிடும், அத்தைக்குத் தெரியாது. ஆகவே அத்தை உடன் வரும் மருத்துவப் பரிசோதனைகளில், முன்பு ஏதேனும் அறுவை உண்டா என்று கேட்கும்போது பெண் தலையை அசைத்து மறுத்துவிடுகிறாள். அச்சத்தால் சொன்ன ஒரு சிறு பொய் பிரசவ அறைவரை கூடவே வருகிறது. சத்தியத்தைச் சிராவகரின் அணுவிரதங்களுள் ஒன்றாக வைத்த மரபுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொய் சொல்லும் நிலைக்கு அப்பெண்ணைத் தள்ளியது வரன் பேசிய பெரியவர்களின் கேள்விகளே என்பதனையும் மறைப்பதற்கில்லை.

2018 அக்டோபர் 12ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி யூஜினியின் திருமணம் விண்ட்சரில் நடைபெற்றது. அவருக்கு 12 வயதில், 2002இல், இதே அறுவை நடந்தது. மணப்பெண் ஆடையின் பின்புறத்தைத் தாழ்வாக வெட்டி, முதுகுத் தழும்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அமைக்க அவரே விரும்பிக் கேட்டார். 2021இலும் 2023இலும் அவருக்கு இரு ஆண் குழந்தைகள் பிறந்தன. அரச குடும்பத்து வசதி எல்லோர்க்கும் வாய்க்காது. தமிழ்நாட்டு மணமகளுக்கு அந்த ஆடையும் வேண்டியதில்லை. திருமணத்தன்று மறைக்காத ஒன்றை மகப்பேற்று மருத்துவரிடம் மறைக்கத் தேவை எழாது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

அடுத்தது தருமம் பற்றிய ஐயம். “நாங்களெல்லாம் வலி தாங்கிப் பெறவில்லையா? கர்மவினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்று மூத்தோர் சிலர் சொல்வதுண்டு. இவ்வையம் சமணர்க்கு மட்டும் உரியதன்று. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் தந்தபோது, விவிலியத்தைக் காட்டி மறுத்தோர் இருந்தனர்; அவரும் விவிலியத்தைக் கொண்டே விடையளித்தார். 1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசியார் தம் எட்டாவது குழந்தையான லியோபோல்டு பிறந்தபோது ஜான் ஸ்னோவின் கையால் அதனை ஏற்றுக்கொண்ட பிறகு மறுப்புகள் வலுவிழந்தன. சமண ஆகமத்துக்கு அரசியின் சான்று வேண்டியதில்லை. அதற்குள்ளேயே விடை இருக்கிறது.

உடல் எவ்வடிவில் அமைகிறது என்பது நாம கருமத்தின் விளைவு என்று நூல்கள் கூறும். உடலமைப்பின் ஆறு வகைகளுள் கூனுடைய குப்ஜ சம்ஸ்தானமும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. துன்ப உணர்வு அசாதா வேதநீய கருமத்தின் உதயம். இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர்கள், உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆறாம் அத்தியாயம் சொல்வதனை விட்டுவிடுகின்றனர். தச லட்சண நாள்களில் ஓதிக் கேட்கும் அந்நூலில், துன்பத்தையும் கதறலையும் தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ உண்டாக்குவதே புதிய அசாதா வேதநீயம் வந்து சேர்வதற்கு வாயில் என்று சொல்லப்பட்டுள்ளது. பழைய வினையை அனுபவிப்பது ஒன்று. தணிக்கத்தக்க துன்பத்தைத் தணிக்க விடாமல் ஒருத்தியைக் கதறவைப்பது வேறு. பின்னது யார் கணக்கில் சேரும் என்பது தெளிவு.

இதே சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் தம் சர்வார்த்த சித்தியில் மருத்துவனையே உவமையாகக் காட்டுகிறார். கருணையுள்ள மருத்துவன் முனிவர் ஒருவரின் கட்டியை அறுக்கிறான். வலி உண்டாகிறது, ஆயினும் அவன் உள்ளத்தில் வெகுளி முதலிய கஷாயங்கள் இல்லாமையால் பாவம் அவனைச் சேர்வதில்லை. முனிவரும் மருத்துவம் பெறுகிறார் என்பதனை இங்கே கருதிப் பார்க்க வேண்டும். துறவிகள் பொறுத்துக்கொள்ளும் பரீஷஹங்கள் 22. அவற்றைத் துறவி தானே உவந்து ஏற்கிறார். மருமகள்மீது மாமியார் ஏற்றிவைக்கும் வலி எவருடைய தவமும் ஆகாது. ஊசி வேண்டாம், தாங்கிக்கொள்கிறேன் என்று தாயே தேர்ந்தால் அது அவள் உரிமை. அதனை எவரும் குறை சொல்லலாகாது.

ஸ்வேதாம்பர மரபில் வழங்கும் கல்பசூத்திரத்தில் ஒரு செய்தி உண்டு. திரிசலா தேவியின் கருவில் இருந்த மகாவீரர், தம் அசைவு தாய்க்கு வருத்தம் தருமென்று அசையாமல் இருந்தாராம்; அசைவு நின்றதைக் கண்டு தாய் கலங்க, உடனே சிறிது அசைந்து தேற்றினாராம். ஜயந்தி கொண்டாடும் நாளில் நினைவுக்கு வரத் தகுந்த கதை.

முதுகில் போடும் ஊசியால் ஆயுள் முழுதும் முதுகுவலி வரும் என்னும் நம்பிக்கை திருப்பூர்க் கம்பெனிகளில் வலுவாக உள்ளது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். நெடுங்கால முதுகுவலிக்கு ஊசி காரணமன்று என்பதே ஆய்வுகளின் முடிவு. குழந்தையைச் சுமப்பதும், உறக்கமின்மையும், விரைவில் தையல் மேசைக்குத் திரும்புவதும் அதற்குப் போதுமான காரணங்கள். எபிடூரலின் உண்மையான பக்கவிளைவு உறையில் துளை விழுந்தால் வரும் கடுந்தலைவலி. அறுவை செய்த முதுகில் அதற்கு வாய்ப்புச் சற்று அதிகம். ஆயினும் அதற்கு மருத்துவம் உண்டு.

இனிச் செய்ய வேண்டியவை. வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே மயக்கவியல் மருத்துவரைக் காணவும் ஒரு நாள் குறிக்க வேண்டும்; ஏழாம் மாதம் அதற்கு ஏற்றது. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, கடைசியாக எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். தொலைந்திருந்தால் அறுவை செய்த மருத்துவமனையில் எழுதிக் கேட்கலாம். பழைய படம் இருந்தால் கருவுற்ற காலத்தில் புதிய எக்ஸ்ரே எடுப்பதனைத் தவிர்க்கலாம் என்பதும் ஒரு பயன். “முதுகெலும்பு இணைப்பு அறுவை, இன்ன எலும்புமுதல் இன்ன எலும்புவரை” என்னும் ஒரு வரியைத் தாய் சேய் நல அட்டையின் முதற்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால், தாய்வீடு சென்றாலும் செய்தி கூடவே செல்லும். பேறு நடக்கும் மருத்துவமனையில் இரவிலும் மயக்கவியல் மருத்துவர் கிடைப்பாரா என்று கேட்டறிய வேண்டும். திருப்பூரில் 2022 ஜனவரி 12ஆம் நாள் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதனை வட்டாரத்தார் மறக்கலாகாது.

எபிடூரல் அமையாதவர்களுக்கும் வழிகள் உள்ளன. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதியாகக் கலந்த வாயுவைத் தாயே முகமூடியைப் பிடித்து உள்ளிழுக்கலாம். நரம்பில் செலுத்தும் வலிநீக்கிகள் உண்டு. அவை குழந்தையின் மூச்சைச் சற்று மந்தமாக்கலாம் என்பதால் கண்காணிப்போடு தருவர். நடத்தல், ஒருக்களித்துப் படுத்தல், இடுப்பில் சுடுநீர் ஒத்தடம் ஆகியவற்றைச் சிறியவை என்று தள்ளிவிட வேண்டாம். உடன் ஒரு பெண் துணை இருப்பது வலியைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அதற்கு இடமுண்டு. அந்தத் துணையாக அத்தையே இருந்து, மருமகளின் முதுகு வளையாது என்பதனைச் செவிலியரிடம் அவரே எடுத்துச் சொல்வாராயின் அதைவிடச் சிறந்தது இல்லை.

பிள்ளை பெற்ற பின்னர் ஊட்டும்போது இணைந்த முதுகு முன்குனியாது. ஆதலால் குழந்தையை நோக்கித் தாய் குனிவதற்கு மாறாக, மடியில் தலையணைகளை அடுக்கிக் குழந்தையை மார்பளவுக்கு உயர்த்தித் தர வேண்டும். தரையில் கால் நீட்டி அமர்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும் பழைய முறையும் அவளுக்கு ஒவ்வாது. அதனை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம். தழும்பைச் சுற்றிய தோலில் உணர்வு குறைந்திருக்கக்கூடும் என்பதால், பேறுகாலக் குளியலில் முதுகில் ஊற்றும் வெந்நீரின் சூட்டை ஊற்றுபவர் தம் கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.